ஃபிட் சர்டிபிகேட்டுக்கு மறுநாள்

1915ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. பம்பாயில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, தன் பெட்டிகளையும் வேகன்களையும் பழுதுபார்ப்பதற்காக மாட்டுங்காவில் ஒரு பணிமனையைத் தொடங்கியது. அமெரிக்காவில் ஹார்வர்டு உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன், வலியும் பசியும் அச்சமும் சினமும் உடலுக்குள் என்னென்ன மாற்றங்களை உண்டாக்குகின்றன என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். பணிமனை இன்றும் ஓடுகிறது. கேனன் சொன்ன அடிப்படையும் இன்றும் நிற்கிறது. மனஅழுத்தத்தால் மருத்துவ விடுப்பில் போன ஒரு ரயில்வே மேற்பார்வையாளர் மறுபடி வேலைக்கு வரும் காலையில் அவருடைய உடலுக்குள் நடப்பது என்ன? அதைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேனனுடைய ஆராய்ச்சி தொடங்கியது வயிற்றில். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். பூனைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அதன் இரைப்பை எப்படி அசைகிறது என்று எக்ஸ் கதிர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ இரைப்பையின் அசைவு சட்டென்று நின்றுபோனது. அது அமைதியானதும் மறுபடி தொடங்கியது. ஆபத்து எதிரில் நிற்கும்போது செரிமானத்துக்கு ரத்தத்தைச் செலவழிக்க உடல் தயாராக இல்லை. கால் தசைக்கும் இதயத்துக்கும் அதைத் திருப்பிவிடுகிறது. போராடு, இல்லையென்றால் ஓடு என்று பிற்காலத்தில் பிரபலமான விளக்கத்துக்கு இதுதான் ஆரம்பம். வேலை அழுத்தத்தில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த டப்பா தொடப்படாமல் சாயங்காலம் திரும்பி வருவதற்குக் காரணமும் இதே இரைப்பைதான்.

பொறுப்பு இவருடையது, முடிவு வேறிடத்தில்

செம்பூரில் குடியிருக்கும் 48 வயது சீனியர் செக்ஷன் இன்ஜினீயர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கற்பனை மனிதர். அவருடைய வேலையில் கற்பனை எதுவும் கிடையாது. தாராவியின் ஒரு பக்கம் மத்திய ரயில்வே லைன், மறுபக்கம் மேற்கு ரயில்வே லைன். மாட்டுங்கா, குர்லா, வாடி பந்தர் என்று ரயில் பெட்டிகளைச் சுற்றியே வாழும் இடங்கள் இந்த நகரத்தில் ஏராளம். செம்பூருக்கு அப்பால் டிராம்பே வரை, எண்ணெய்க்கும் உரத்துக்குமான சரக்குப் பாதை போகிறது. இவற்றில் எந்த யார்டாக இருந்தாலும் நம் ஆளின் ஷிஃப்ட் ஏறக்குறைய ஒன்றுதான்.

பழைய வகைப் பெட்டிகள் இரண்டைச் சேர்க்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம். ஷண்டிங் இன்ஜின் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நிற்கும் பெட்டியின் பஃபரோடு பஃபர் சேர்த்து நிறுத்துகிறது. பாயிண்ட்ஸ்மேன் குனிந்து இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நுழைகிறார். ஸ்க்ரூ கப்ளிங்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, திருகி இறுக்குகிறார். பிறகு ஏர் ஹோஸ்களை இணைக்கிறார். இன்ஜின் ஏற்றும் காற்று ஃபீட் பைப்பில் 6 கிலோ, பிரேக் பைப்பில் 5 கிலோ காட்டினால்தான் பிரேக் வேலை செய்யும் என்று நம்பலாம். அவர் உள்ளே இருக்கும் அந்த ஓரிரு நிமிடம் இன்ஜின் ஓர் அடி கூட நகரக் கூடாது. அது நகராமல் இருப்பது ஒரு கைக்கொடியையோ, வாக்கிடாக்கியில் வரும் ஒரு சொல்லையோ நம்பி நிற்கிறது. 2024 நவம்பரில் பீகாரின் பரவுனி சந்திப்பில் இப்படி உள்ளே நின்ற ஊழியர் ஒருவர் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையில் நசுங்கி இறந்தார். யார்டில் வேலை செய்கிற யாருக்கும் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டத் தேவையில்லை. அந்த இடைவெளியை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

நம் மேற்பார்வையாளர் பெட்டிக்கு நடுவில் நுழைவதில்லை. நுழைகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு காதில் கன்ட்ரோல் ரூம், ரேக் (பெட்டித் தொடர்) எப்போது கிடைக்கும் என்று கேட்கிறது. இன்னொரு காதில் ஸ்டோரிலிருந்து, பிரேக் பிளாக் நாளைக்குத்தான் வரும் என்கிறார்கள். நான்கு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். மழைக்காலமானால் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும். போட்ட திட்டமெல்லாம் மதியத்துக்குள் வீணாகும்.

இந்த மாதிரி வேலை ஏன் ஆளை அரிக்கிறது என்பதற்கு 1979இல் ராபர்ட் காரசெக் ஒரு விளக்கம் கொடுத்தார். வேலைச் சுமையை மட்டும் அளந்து பிரயோஜனமில்லை, அந்தச் சுமையை எப்படிக் கையாள்வது என்று முடிவெடுக்கும் உரிமை எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றார் அவர். சுமை அதிகம், உரிமையும் அதிகம் என்றால் மனிதர் களைப்பார், கூடவே வளர்வார். சுமை அதிகமாகவும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் உடம்பு உடைகிறது. லண்டனில் 1985இல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில் மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டதும் இதற்கு ஒத்துப்போனது. தன் வேலைமேல் தனக்குப் பிடிமானம் குறைவு என்று சொன்னவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. நாற்காலி உயர உயர நோய் குறைந்தது. மேலே இருப்பவர்களுக்குத்தான் டென்ஷன் என்ற பொது நம்பிக்கைக்கு நேர் எதிரான முடிவு இது.

யார்டு மேற்பார்வையாளர் இந்தக் கணக்கில் விசித்திரமான இடத்தில் நிற்கிறார். கீழே இருப்பவர்களுக்கு அவர் அதிகாரி. மேலே இருப்பவர்களுக்கு அவர் ஊழியர். பெட்டி, ஆள், லைன், சாமான் எதுவும் அவர் கையில் இல்லை, தாமதம் மட்டும் அவர் பெயரில் எழுதப்படும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், விடாமல் கவனமோ கடும் உழைப்போ கேட்கிற வேலைகளுக்கு இரண்டு வாரச் சராசரியில் வாரம் 45 மணி நேரம், வழக்கமான தொடர் பணிகளுக்கு 54 மணி நேரம் என்று உச்சவரம்பு வைக்கிறது. மேற்பார்வைப் பணி என்று விதிகளில் குறிக்கப்பட்டவர்கள் இந்த வரம்புகளுக்கு வெளியே நிற்கிறார்கள்.

விடுப்பு எதைச் சரிசெய்கிறது

ஓர் இரவு ஷிஃப்டில், உள்ளே பாயிண்ட்ஸ்மேன் இருக்கும்போதே பெட்டி அரையடி நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் அடியில்லை. அன்றிலிருந்து நம் ஆளுக்குத் தூக்கம் போனது. படபடப்பு வந்தது, போன் அடித்தாலே வயிறு பிசைந்தது. மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். சிக் லீவில் இரண்டு மாதம் ஓடியது.

அந்த இரண்டு மாதத்தில் உடல் நிஜமாகவே தேறுகிறது. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். கார்ட்டிசாலுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பிரச்சினை அந்த ஒரு தடவைச் சுரப்பில் இல்லை. இறங்குவதற்குள் அடுத்த அலை வருவதில் இருக்கிறது. தினமும் விழித்த முதல் அரை, முக்கால் மணி நேரத்தில் கார்ட்டிசால் இயல்பாகவே ஏறும். வேலை நாட்களில் இந்த ஏற்றம் ஓய்வு நாட்களைவிட அதிகம் என்று லண்டன் ஊழியர்களின் உமிழ்நீர் மாதிரிகள் காட்டின. யார்டுக்குப் போகும் முன்பே, பல் துலக்கும்போதே, உடல் யார்டில் இருக்கிறது. இப்படி ஓயாமல் தயார்நிலையில் நிற்பதால் உடலில் சேரும் தேய்மானத்தை ப்ரூஸ் மெக்எவன் 1993இல் ஒரு சுமையாகக் கணக்கிட்டார். விடுப்பு அந்தச் சுமையை இறக்குகிறது. ரத்த அழுத்தம் குறைகிறது, பசி எடுக்கிறது, கிங் சர்க்கிள் பக்கம் போய் ஒரு காபி சாப்பிட்டு வரலாம் என்று தோன்றுகிறது.

ஆனால் இறங்கிய சுமை எத்தனை நாள் இறங்கியே இருக்கும்? மினா வெஸ்ட்மன், டவ் ஈடன் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1997இல் அலுவலக ஊழியர்களின் சோர்வை விடுமுறைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் அளந்தார்கள். விடுமுறையில் சோர்வு நன்றாகக் குறைந்தது. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்று வாரத்தில் பழைய அளவுக்கே வந்துவிட்டது. அவர்கள் நோயாளிகளும் இல்லை, யார்டில் வேலை செய்தவர்களும் இல்லை. சாதாரண வேலைக்கே இப்படியென்றால், பயந்து வெளியேறியவருக்கு அந்த மூன்று வாரம் எப்படிப் போகும்?

பழைய லைன் பெயர்க்கப்படுவதில்லை

பயம் என்பது களைப்பு மாதிரி வெறும் தேய்மானம் கிடையாது. அது ஒரு பாடம். மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி, ஒரு சத்தத்தையும் ஓர் ஆபத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. ஹிப்போகாம்பஸ், இது எங்கே நடந்தது என்று இடத்தையும் அதோடு பதிவு செய்கிறது. பஃபர் மோதும் சத்தம், பிரேக் தூளின் வாசனை, மஞ்சள் விளக்கு எல்லாம் அந்த முடிச்சுக்குள் போய்விடுகின்றன.

முடிச்சை அவிழ்க்க முடியுமா என்று முதலில் கேட்டவர் பாவ்லவ். மணியடித்துச் சாப்பாடு போட்டுப் பழக்கிய நாய்க்கு, சாப்பாடு போடாமல் திரும்பத் திரும்ப மணியை மட்டும் அடித்தால் எச்சில் ஊறுவது நிற்கும். சில காலம் கழித்து மறுபடி அடித்தால் திரும்பவும் ஊறும். பாடம் அழியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 1979இல் மார்க் பவுட்டனும் ராபர்ட் போல்ஸும் எலிகளைக் கொண்டு இன்னும் துல்லியமாகக் காட்டினார்கள். ஒரு கூண்டில் ஒரு சத்தத்துக்குப் பயப்பட எலிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வேறொரு கூண்டில் அதே சத்தத்தை ஆபத்தில்லாமல் பலமுறை கேட்க வைத்துப் பயத்தைத் தணித்தார்கள். பழைய கூண்டுக்கு மாற்றியதும் பயம் பழையபடி வந்து நின்றது.

மூளை பழைய லைனைப் பெயர்த்து எடுப்பதில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு லைன் போடுகிறது. எந்த லைனில் வண்டி ஓட வேண்டும் என்ற பாயிண்ட்டை, பெரும்பாலும் இடம்தான் திருப்புகிறது.

மும்பைக்காரருக்கு இது உடனே விளங்கும். நம் ஆளுக்குச் செம்பூரில் லைனை ஒட்டி வீடு. நடுராத்திரி ஷண்டிங் ஹாரன் கேட்கும், பெட்டிகள் இடிக்கும். விடுப்பில் முதல் வாரம் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டவர், இரண்டாம் மாதம் புரண்டு படுத்துத் தூங்குகிறார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அவருக்கே தோன்றுகிறது, சரியாகிவிட்டது என்று. ரயில்வே டாக்டர் பார்க்கிறார். ரத்த அழுத்தம் சரி, கண் சரி, ஃபிட். மறுநாள் காலை யார்டுக்குள் கால் வைக்கிறார். எதிரில் வந்த ஃபிட்டர் சிரித்துக்கொண்டே, “ஆ கயே சாஹேப்!” என்கிறார். பின்னால் எங்கோ இரண்டு பெட்டிகள் மோதுகின்றன. உள்ளங்கை வேர்க்கிறது, நெஞ்சு அடிக்கிறது. இன்னும் குணமாகவில்லை, அவசரப்பட்டு வந்துவிட்டோம் என்று அவர் முடிவு கட்டுகிறார்.

அந்த முடிவு தவறு. இரண்டு மாதம் அவர் கற்றது, வீட்டில் கேட்கும் சத்தம் ஒன்றும் செய்யாது என்ற பாடம். யார்டில் கேட்கும் சத்தத்துக்கான பாடத்தை வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது. அன்று காலை வந்த நடுக்கம் தோல்விக்கு அடையாளமில்லை, புதுப் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். மறுபடி லீவு போட்டு வீட்டுக்குப் போனால் நெஞ்சு உடனே அமைதியாகும். யார்டை விட்டு ஓடினால் தப்பிக்கலாம் என்பதையும் மூளை நன்றாகக் குறித்துக்கொள்ளும்.

“இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க” என்று மனைவி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. “வேலைக்குப் போனா தானா சரியாயிடும்” என்று மச்சான் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எப்படிப் போவது என்பது இருவர் பேச்சிலும் இல்லை.

திரும்பிப் போவதற்கு ஒரு முறை

நெதர்லாந்தில் ஒரு பெரிய தபால், தொலைபேசி நிறுவனத்தில் மனஅழுத்தத்தால் விடுப்பில் இருந்தவர்களை வைத்து வான் டெர் க்ளிங்க் குழுவினர் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு நிறுவன மருத்துவர்கள், என்ன நடந்தது என்று புரிந்துகொள்வது, பிரச்சினைகளைப் பட்டியலிட்டுத் தீர்வு யோசிப்பது, பிறகு வேலையிலேயே அதைப் பழகிப் பார்ப்பது என்று படிப்படியாக உதவினார்கள். மறுபிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. நோய்க் குறிகள் இரண்டு பிரிவிலும் ஒரே வேகத்தில்தான் குறைந்தன. ஆனால் முதல் பிரிவினர் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். எல்லா அறிகுறியும் மறைந்த பிறகுதான் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

மூன்று ஆண்டு கழித்து ரோலண்ட் ப்ளாங்க் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் மனஅழுத்தத்தால் படுத்துவிட்ட நிலையில், ஒரு பிரிவினருக்கு மருத்துவ அறையில் மனநல சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்குச் சுருக்கமான ஆலோசனையோடு, வேலையில் பாதியைத் தொடங்கி, வேலை செய்யும் விதத்தையே மாற்றிக்கொள்ள வழிகாட்டல். முழுமையாக வேலைக்குத் திரும்புவதில் இரண்டாம் பிரிவு வெகுவாக முந்தியது. அறைக்குள் நடந்த சிகிச்சை மட்டும் திரும்புவதை வேகப்படுத்தவில்லை.

இவர்கள் சொந்தத் தொழில்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. காலை பத்து மணிக்குக் கடை திறப்பேன், கடன்காரர் போனை மதியம்தான் எடுப்பேன் என்று அவர்களே முடிவு செய்யலாம். காரசெக் சொன்ன உரிமை அவர்கள் கையில் இருந்தது. ரயில்வே மேற்பார்வையாளர் கன்ட்ரோலிடம் அப்படிச் சொல்ல முடியாது. அந்த உரிமையை அவருக்கு வேறு யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் நோயிலிருந்து திரும்புகிறவர் தினம் சில மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக முழு நேரத்துக்கு ஏறும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. நெதர்லாந்தில் 2002 முதல், ஊழியர் நோயுற்ற எட்டாவது வாரத்துக்குள் முதலாளியும் அவரும் சேர்ந்து திரும்பி வரும் திட்டம் எழுத வேண்டும்.

நம் ஊருக்கு இது அந்நியமான யோசனை இல்லை. ஒரு பாதையில் மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்த லோகோ பைலட்டைத் திரும்பி வந்ததும் அதே பாதையில் தனியாக வண்டி எடுக்க ரயில்வே விடுவதில்லை. அவர் முதலில் பாதையைக் கற்கும் பயணம் போக வேண்டும். இடைவெளி கூடக் கூட அந்தப் பயணங்களும் கூடும். இருபது வருடம் ஓட்டியவரானாலும் விதி ஒன்றுதான், யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. பாதை மறக்கும் என்று ஒப்புக்கொண்ட நிர்வாகத்துக்கு, பயம் நினைவிருக்கும் என்று ஒப்புக்கொள்வது பெரிய தூரமில்லை.

முதல் மூன்று வாரம் எப்படி இருக்கலாம்? பகல் ஷிஃப்ட் மட்டும். பயத்தைத் தணிக்கும் புதிய பாடம் தூக்கத்தில்தான் மனதில் உறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரவு டியூட்டி கொடுத்துத் தூக்கத்தைக் கெடுத்தால், பகலில் கற்றது இரவில் கரைந்துபோகும். முதல் வாரம் இன்னொரு மேற்பார்வையாளரோடு சேர்ந்து நிற்கலாம், கன்ட்ரோல் போனை அவர் எடுக்கட்டும். இரண்டாம் வாரம் ஒரு லைன் மட்டும் இவர் பொறுப்பு. மூன்றாம் வாரம் வேறு லைன், வேறு நேரம், வேறு ஆட்கள். ஒரே இடத்தில் தணித்த பயத்தைவிடப் பல சூழல்களில் தணித்த பயம் திரும்பி வருவது குறைவு. பெட்டி நகர்ந்த அந்த லைனுக்கு, அவரே சரி என்று சொல்லும் நாளில், கப்ளிங் மாட்டும்போது பக்கத்தில் போய் நிற்க வேண்டும். படபடப்பு தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும்.

இதில் யார்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பயந்தவர் ஹாண்ட் பிரேக்கைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார். கட்டை வைத்தார்களா, சங்கிலி போட்டார்களா என்று ஆள் விட்டுக் கேட்பார், பிறகு தானே போவார். வேறு வேலையில் இருப்பவரிடம் மனநல ஆலோசகர் இதை விடச் சொல்வார். யார்டிலோ சரிபார்ப்பதுதான் வேலை. அதனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. விதி கேட்கிற சோதனையை முழுதாக, ஒருமுறை, எழுதி வைத்துச் செய்யலாம். விதி கேட்காத ஐந்தாவது சோதனை பயத்துக்காகச் செய்வது. அதைச் செய்யும்வரை, யார்டு பத்திரமாக இருந்தது தன் ஐந்தாவது நடையால்தான் என்று மூளை கணக்கெழுதிக்கொண்டே இருக்கும்.

எந்தப் பயத்தை மறக்கக் கூடாது

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. யார்டு உண்மையிலேயே ஆபத்தானது என்றால், பயத்தைத் தணிப்பது சரிதானா?

செம்பூருக்குப் பக்கத்தில் டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தவர் அனில் காகோட்கர். அவர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு 2012 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை பணியிலிருந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர் இறந்ததாகவும், 8,700 பேர் காயமடைந்ததாகவும் அந்த அறிக்கை சொல்கிறது. ரயில் விபத்துகளைப் பற்றிப் பேசும் நாட்டில் இந்த எண்ணிக்கையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. யார்டில் வேலை செய்கிறவரின் பயத்தில் ஒரு பகுதி நோய், ஒரு பகுதி அனுபவம். நான்கு பேர் வேலைக்கு இரண்டு பேர் வரும்போது வரும் பயம் இரண்டாம் வகை. அதைத் தணிக்க வேண்டியது மேற்பார்வையாளரின் மூளையில் அல்ல, ஆள் பட்டியலில். அதே ஆள் பற்றாக்குறைக்குள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அறிவியல் ஆகாது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வேலைச் சோர்வைத் தனிமனிதரின் நோயாகக் கருதாமல், வேலை சார்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது.

எல்லோருக்கும் படிப்படியான ஏற்பாடு மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணெதிரே ஒருவர் சாவதைப் பார்த்தவர், இரவெல்லாம் அந்தக் காட்சி திரும்ப வருகிறவர், வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறவர், குடியில் இறங்கியவர் ஆகியோருக்கு மனநல மருத்துவர் அவசியம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. அது இலவசம், தமிழிலும் பேசலாம்.

மற்றவர்களுக்கு, திரும்பி வரும் முதல் நாளில் மேலதிகாரி கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள். எந்த லைன், எந்த நேரம் உங்களுக்குக் கஷ்டம்? இந்த மூன்று வாரம் எந்த முடிவுகளை நீங்களே எடுக்க வேண்டும், எவற்றை என்னிடம் தள்ள வேண்டும்? நீங்கள் போகும் முன்பு ஆள் குறைவு என்று எழுதிக் கொடுத்தீர்களே, அதை நான் என்ன செய்தேன்? முதல் கேள்வி பயம் தணிய உதவும். இரண்டாவது, கையைவிட்டுப் போன உரிமையில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். மூன்றாவதைக் கேட்கத்தான் அதிகாரிக்குத் துணிச்சல் வேண்டும். அதற்குப் பதில் இல்லையென்றால், இதே மேற்பார்வையாளரோ இவருடைய இடத்துக்கு வருகிறவரோ மறுபடி சிக் மெமோ வாங்கப் போவது நிச்சயம்.